பி.எட். பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பி.எஸ்சி.யைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு உங்கள் பத்திரிகையில் வந்த 'அடுத்து என்ன படிக்கலாம்' பக்கங்களை ஒன்று விடாமல் படித்தேன். நீட், ஜேஇஇ, ஏஐ, டேட்டா சயின்ஸ், பாராமெடிக்கல் எல்லாவற்றுக்கும் அரைப்பக்கம், முக்கால் பக்கம். ஆசிரியர் வேலைக்கு மட்டும் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் 'ஏதேனும் ஒரு பட்டப்படிப்புடன் பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் ஆகலாம்' என்று ஒரே வரி. இந்த ஒரு வரியை நம்பிச் சேர்ந்துவிட்டு, ஏழெட்டு வருடம் கழித்து சான்றிதழ் சரிபார்ப்பில் கண் கலங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. என் பாடம் வேதியியல். ஒவ்வொரு வருடமும் மே, ஜூனில் பழைய மாணவர்களோ அவர்களுடைய அம்மா அப்பாவோ வந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், உங்களை மாதிரி சயின்ஸ் டீச்சர் ஆகணும்ங்குது, எந்த காலேஜ்ல பி.எட். நல்லா இருக்கும்?" அவர்கள் பி.எட்.டில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆனால் பாதி முடிவு பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே ஆகிவிடுகிறது, மீதிப் பாதி பி.எஸ்சி. விண்ணப்பத்தில் டிக் அடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்கு இதுவே தெரிவதில்லை. ஆறு முதல் பத்து வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர், பேச்சில் பி.டி. பதினொன்று, பன்னிரண்டு எடுப்பவர் முதுகலை ஆசிரியர், அதாவது பி.ஜி. அரசு வேலையில் பி.டி. பணியிடம் 'அறிவியல்' என்ற பெயரில் வராது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகத்தான் அறிவிப்பு வரும், தேர்வும் அந்தந்தப் பாடத்தில்தான். சரி, வேலையில் சேர்ந்த பிறகு? என்னை மாதிரி உயர்நிலைப் பள்ளியில் போட்டால் விலங்கியல் படித்தவரும் மின்னியல் நடத்த வேண்டும், இயற்பியல் படித்தவரும் மலரின் பாகங்களை வெட்டிக் காட்ட வேண்டும்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 23 பாடங்கள். முதல் ஆறு இயற்பியல், அடுத்த ஐந்து வேதியியல், அதற்கடுத்த பதினொன்று உயிரியல், கடைசியில் ஒன்று கணினி. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. பெரிய மேல்நிலைப் பள்ளிகளில் இரண்டு அறிவியல் ஆசிரியர்கள் பிரித்துக்கொள்வார்கள், அது கொடுப்பினை. சின்ன உயர்நிலைப் பள்ளியில் எல்லாம் ஒருவர் தலையில்தான். இதில் வேடிக்கை, நம் கல்லூரிகள் கொடுக்கும் பட்டமோ ஒற்றைப் பாடப் பட்டம். கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் இயற்பியல்-வேதியியல்-கணிதம், வேதியியல்-தாவரவியல்-விலங்கியல் என்று மூன்று பாடத்தைச் சமமாகப் படித்து பி.எஸ்சி. வாங்கும் முறை வெகு நாளாக இருந்து வந்தது. உயர்நிலைப் பள்ளி வகுப்புக்கு அந்த முறை எவ்வளவோ பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். இங்கே நமக்கு அந்த வழி கிட்டத்தட்ட இல்லை, ஆகவே அலைடு பாடத்தை, அதாவது முதன்மைப் பாடத்தோடு வரும் துணைப் பாடத்தை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பி.எஸ்சி. வேதியியலில் அலைடாக இயற்பியலும், கல்லூரியைப் பொறுத்து கணிதமோ உயிரியல் பாடமோ வரும். அலைடு தானே, பாஸ் ஆனால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, பின்னால் வகுப்பில் நிற்கும்போது கைகொடுக்கப் போவது அந்தப் பேப்பர்தான்.

அதனால் குரூப் விஷயத்தில் என் கட்சி முதல் குரூப், அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாமல் உயிரியல் இருக்கும் குரூப். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் இருந்தால் நாளை எந்த அறிவியல் பி.எஸ்சி.க்கும் கதவு திறந்திருக்கும். கணக்குக்குப் பயந்து, கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு பி.எஸ்சி. இயற்பியல் பெரும்பாலும் கிடைக்காது, தாவரவியல், விலங்கியல் பக்கம்தான் போக முடியும். அப்போதும் கணக்கு விடாது. ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்தே வருகிறது. பத்தாவதோடு கணக்குக்குத் தலைமுழுகிய விலங்கியல்காரர்கள் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பியூர் சயின்ஸ் எடுத்தவர் டீச்சர் ஆகவே முடியாது என்று நான் சொல்லவில்லை, எங்கள் ஒன்றியத்திலேயே அருமையான தாவரவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆறு முதல் பத்து வரையிலான கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அவர்களிடம் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இனி பட்டத்தின் பெயர். இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி. படிப்பில் கெட்டி, பிளஸ் டூவில் நல்ல மார்க். ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி சேர்த்தார்கள். சேரும்போது அலுவலகத்தில் கேட்டதற்கு "இது சுவாலஜி, பாட்டனி ரெண்டுக்கும் மேலம்மா, பி.எட். தாராளமா பண்ணலாம்" என்றிருக்கிறார்கள். பி.எட். சேர்ந்தாள், உயிரியல் அறிவியல் பிரிவில் இடமும் கிடைத்தது, முடித்தாள், டெட்டும் பாஸ். எல்லாம் சரியாகத்தான் போனது, ஆசிரியர் தேர்வு வாரியத்தின், அதாவது டிஆர்பியின் விண்ணப்பத்தைத் திறக்கும் வரை. பாடம் என்ற இடத்தில் தாவரவியல் இருக்கிறது, விலங்கியல் இருக்கிறது, அவள் படித்தது இல்லை. அவள் பட்டம் அவற்றுக்குச் சமம் என்ற இணைச் சான்று வேண்டும், அதற்கு அரசாணை வேண்டும். கல்லூரிக்குப் போனால் பல்கலைக்கழகத்தைக் கேள் என்கிறார்கள், பல்கலைக்கழகத்துக்குப் போனால் அரசாணை வந்தால் சொல்கிறோம் என்கிறார்கள். இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். அரசு வேலைக்கான கதவு மட்டும் சாத்தியே இருக்கிறது.

பி.எட். சேர்க்கைக்கான தகுதி வேறு, பணி நியமனத்துக்கான தகுதி வேறு. சேர்க்கையில் அப்ளைடு, மைக்ரோ, பயோ என்று ஆரம்பிக்கும் பல பட்டங்களுக்கும் இடம் கொடுப்பார்கள். நியமனத்தில் பார்ப்பது இயற்பியலா, வேதியியலா, தாவரவியலா, விலங்கியலா, இல்லையென்றால் அதற்கு இணை என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான். அந்த அரசாணையும் பொத்தாம்பொதுவாக வராது, இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பெயருள்ள பட்டம் என்று பெயர் சொல்லித்தான் வரும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒத்துக்கொண்டார்கள் என்றால் அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்பதையும் கேட்க வேண்டும். பெயர் எவ்வளவு நீளமாக, எவ்வளவு நவீனமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். ஆசிரியர் ஆவதுதான் குறி என்றால் வெறும் 'பி.எஸ்சி. இயற்பியல்', வெறும் 'பி.எஸ்சி. வேதியியல்' என்று மொட்டையாக இருப்பதே பாதுகாப்பு.

எந்தப் பாடம் என்று கேட்டால் நான் என் பாடத்தைத்தான் சொல்வேன், அதில் கொஞ்சம் பாசமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் காரணமும் உண்டு. வேதியியல் படித்தவருக்கு இயற்பியல் பாதி தெரிந்திருக்கும், உயிரியலில் நொதி, ஹார்மோன், ஒளிச்சேர்க்கை என்று வரும்போதும் அந்நியமாக இருக்காது. இயற்பியல் படித்தவர்கள் கணக்கில் பலமாக இருப்பார்கள், டெட்டில் அது பெரிய உதவி. தாவரவியலும் விலங்கியலும் பிடித்துப் படிப்பவர்களுக்கு வகுப்பில் ஈடு இணை கிடையாது, ஆனால் பி.டி. பணியிடங்கள் எந்தப் பாடத்தில் எவ்வளவு வருகின்றன என்று பழைய டிஆர்பி அறிவிப்புகளை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேந்திரிய வித்யாலயா மேல் கண் இருந்தால் கணக்கே வேறு. அங்கே டிஜிடி (பட்டதாரி ஆசிரியருக்கு அங்கே அந்தப் பெயர்) அறிவியலுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல் என்றுதான் கேட்டு வந்திருக்கிறார்கள், நம்மூர் பி.எஸ்சி. இயற்பியல்காரர் அதற்குள் வரமாட்டார். அவர்களுடைய விளம்பரத்தையும் ஒரு முறை வரிவரியாகப் படித்துவிடுவது நல்லது, நிறையப் பேர் டிகிரி முடித்த பிறகுதான் அதைப் படிக்கிறார்கள்.

பயிற்று மொழி. இதை யாரும் பேசுவதே இல்லை. அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, பள்ளியில் ஆரம்பித்து அந்தப் பணிக்குக் கேட்கும் படிப்புவரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பி.டி. பணிக்கு பி.எட்.டும் தேவை என்பதால் அதையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலும் வேதியியலும் தமிழ் வழியிலும் இருக்கின்றன. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்த பிள்ளையைப் 'பெருமையாக இருக்கும்' என்று இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் அந்த முன்னுரிமை அங்கேயே போய்விடும். தேர்வை மட்டும் தமிழில் எழுதினேன் என்று பின்னால் வாதாடுவது பெரிய இழுபறி, கல்லூரி முதல்வர் 'தமிழ் வழி' என்று சான்று கொடுத்தால்தான் ஆச்சு. அரசுக் கல்லூரியில் படித்தால் செலவும் கட்டுப்படும், அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆங்கில வழியில் படிப்பது தப்பு என்று சொல்லவரவில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும்.

இப்போது பி.எட். 2015 முதல் இது இரண்டு வருடப் படிப்பு. பிசிக்கல் சயின்ஸ், பயலாஜிக்கல் சயின்ஸ் என்று பி.எஸ்சி.க்கு ஏற்ற பிரிவு கிடைக்கும். அஞ்சல் வழி பி.எட். ஏற்கெனவே பயிற்சி பெற்று வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கானது, புதிதாக வருபவர்கள் அந்த விளம்பரத்தில் மயங்க வேண்டாம். அப்புறம் 'வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்' என்று புரோக்கர் மூலம் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன, ஊருக்கே தெரிந்த ரகசியம். அங்கே படித்தவர்களைப் பயிற்சிக்கு வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு பையன் டீச்சிங் பிராக்டீஸுக்கு எங்கள் பள்ளிக்கு வந்தான். லெசன் பிளான் நோட்டு அட்டை போட்டு, கலர் பேனாவில் கோடு போட்டு, பார்க்க அழகாக இருந்தது, யார் எழுதினார்களோ. பத்தாம் வகுப்பில் மயில்துத்தத்தைச் சூடாக்கும் சோதனை. நீலப் படிகத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் நீர் போய் வெள்ளைத் தூளாகும், ஆறியபின் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம் வரும். எத்தனை தடவை செய்தாலும் பிள்ளைகள் "டீச்சர், இன்னொரு தடவை" என்று கேட்கிற சோதனை. அவன் குழாயின் வாயை முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அடிப்பாகத்தை அசைக்காமல் ஒரே இடத்தில் தீயைக் காட்டிக்கொண்டிருக்கிறான். நான் போய்க் கையைத் திருப்பிவிட்டேன். அவன் பி.எஸ்சி.யில் லேபுக்குப் போயிருப்பான், தனக்காகச் செய்வது வேறு, நாற்பது பிள்ளைகள் முன் செய்வது வேறு என்று பி.எட்.டில்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். போகாத கல்லூரியில் யார் சொல்வார்கள்? ஒழுங்காக நடக்கும் பி.எட். கல்லூரியில் மாதக்கணக்கில் பள்ளியில் விடுவார்கள், ரெக்கார்டு, சார்ட் என்று உயிரை எடுப்பார்கள். எடுக்கட்டும்.

நான்கு வருடத்தில் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து முடியும் படிப்பும் இருக்கிறது. மைசூருவில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென் மாநிலங்களுக்காக 1960-களிலிருந்து இதில் பெயர் வாங்கியது. இப்போது ஐடிஇபி என்ற பெயரில் வரும் நான்காண்டு படிப்புக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு உண்டு. ஒரு வருடம் மிச்சம், பதினேழு வயதிலேயே டீச்சர்தான் என்று தீர்மானமாக இருக்கும் பிள்ளைக்கு நல்ல வழி. வேறு தனியார் கல்லூரிகளில் பழைய மாதிரியில் நடக்கும் நான்காண்டு படிப்பு என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்சிடிஇ) அங்கீகார ஆணையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். எங்கே சேர்ந்தாலும் பட்டத்தில் என்ன பெயர் அச்சாகும் என்ற கேள்வி இங்கேயும் உண்டு.

எம்.எஸ்சி. வேண்டுமா? பி.டி.க்கு வேண்டாம். பி.ஜி. ஆக வேண்டும் என்றால் வேண்டும், அதுவும் பி.எஸ்சி. படித்த அதே பாடத்தில். பி.எஸ்சி. ஒன்று, எம்.எஸ்சி. வேறு என்று 'கிராஸ் மேஜர்' ஆகிவிட்டால் டிஆர்பியில் சிக்கல். பி.ஜி. டிஆர்பிக்கு டெட் தேவையில்லை என்பதால் பலர் நேராக அந்தப் பக்கம் போகிறார்கள், தப்பில்லை. சம்பளத்துக்காக என்றால் மட்டும் யோசியுங்கள், பி.டி.க்கு அடிப்படைச் சம்பளம் 36,400-இல் ஆரம்பம், பி.ஜி.க்கு 36,900. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டப் பிடிக்குமா, பதினேழு வயதுப் பிள்ளைகளோடா என்பதுதான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. எம்.எட்.? பள்ளி வேலைக்குத் தேவையே இல்லை.

கசப்பான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். டெட் பாஸ் பண்ணினால் வேலை என்ற காலம் போய்விட்டது. 2018-இல் வந்த அரசாணை 149, டெட்டுக்குப் பிறகு நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றது. அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு முதல் தேர்வு நடந்ததோ 2024 பிப்ரவரியில். டெட்டும் வருடா வருடம் வருவதில்லை. 2013-க்குப் பிறகு எல்லோருக்குமானது 2017, 2019, 2022-23, 2025 என்று விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. டெட் சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும் என்பது ஒன்றுதான் ஆறுதல். உள்ளே வந்துவிட்டவர்களுக்கும் நிம்மதியில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் பழைய ஆசிரியர்களாக இருந்தாலும் டெட் முடித்தே ஆக வேண்டும், பதவி உயர்வுக்கும் அது வேண்டும் என்று சொல்லிவிட்டது. என்னைவிட மூத்தவர்கள் பேரன் பேத்தியோடு உட்கார்ந்து குழந்தை மேம்பாடு படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளிச் சம்பளத்தில் வண்டி ஓட்ட வேண்டும், அல்லது பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியராக. 2022-இல் உயர்த்திய கணக்குப்படி தற்காலிகப் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000. இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாத வீடு என்றால், பிள்ளைக்கு ஆசை இருந்தாலும் யோசித்துத்தான் அனுப்ப வேண்டும். இதைச் சொல்வதற்காக என் மேல் சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இணைச் சான்று அரசாணைகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன, அறிவியல் பாடங்களுக்கு மட்டுமாவது அவற்றைத் தொகுத்து, எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டம் எதற்கு இணை என்று ஓர் அட்டவணையாகப் போடுங்கள், டிஆர்பி அறிவிப்பு வரும்போது இல்லை, பி.எஸ்சி. சேர்க்கை நடக்கும் மே மாதத்திலேயே. உயர்கல்வித் துறை மனது வைத்தால் அரசுக் கல்லூரிகளின் ஆன்லைன் விண்ணப்பத்தில் ஒவ்வொரு படிப்பின் பெயருக்குக் கீழேயும் 'ஆசிரியர் பணிக்குத் தகுதியானது' அல்லது 'இணைச் சான்று இல்லை' என்று ஒரு வரி சேர்க்கலாம், அதற்கு ஒரு பைசா செலவில்லை. தனியார் கல்லூரிகளும் விளம்பரத்தில் அதைப் போட்டாக வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுவரை பெற்றோர்கள் ஃபீஸ் கட்டும் கவுன்ட்டரில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டத்துக்கு இணைச் சான்று தேவையா, தேவை என்றால் அரசாணை எண் என்ன? பயிற்று மொழி என்று சான்றிதழில் என்ன எழுதிக் கொடுப்பீர்கள்? வாய்ப்பேச்சாக வேண்டாம், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். இழுத்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்
(அரசுப் பணியில் இருப்பதால் பெயர் வேண்டாம்)